மரைக் கொம்பு உரைத்த காலை

2001ஆம் ஆண்டு, யூன் மாதம். அரசியின் பிறந்தநாள் என்று இங்கே ஒரு திங்கட்கிழமை லீவு விடுவார்கள். சனி, ஞாயிறோடு சேர்த்தால் மூன்று நாள் வரும். அந்த மூன்று நாளில், விக்டோரியா மாநிலத்து மலைக்காட்டில், ஓர் ஓடைக்கரைத் தகரக் கொட்டிலில்தான் இது நடந்தது.

அப்போது நாங்கள் சிட்னியில், பென்டில் ஹில்லில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கடுதாசிப் பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவர். துவக்கு என்கிற துப்பாக்கியைப் படத்தில் பார்த்ததோடு சரி. இங்கே வந்து ஐம்பது வயதுக்குப் பிறகு, கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் மான் வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டார். அந்த வெள்ளைக்காரர் நல்ல உயரம். வீட்டில் நாங்கள் அவரை நெட்டையர் என்றுதான் சொல்வோம். மூன்றாவது ஆள் மதுரைப் பக்கத்துத் தம்பி, அதே தொழிற்சாலைதான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என்னை அக்கா என்பார்.

வருடம் முழுக்க வாய் திறக்காமல் வேலைக்குப் போய் வருகிற என் மனிதர், யூன் பிறந்தால் ஆள் மாறிவிடுவார். காட்டுக்குப் போடுகிற தோல் சப்பாத்துக்கு எண்ணெய் பூசுவார். சாப்பிடும்போது காற்று எந்தப் பக்கம் அடித்தால் மான் எந்தப் பக்கம் போகும் என்று சோற்றுக் கோப்பையில் விரலால் கீறிக் காட்டுவார். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் அவர் கதைக்கிறாரே என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர்கள் தேடிப் போவது சின்ன மான் இல்லை. நாங்கள் மரை என்று சொல்கிற பெரிய சாதி. மாடு மாதிரி உடம்பு, கழுத்தில் சடை மயிர், கிளைவிட்ட கொம்பு. அந்தக் காலத்தில் எங்கள் நாட்டுப் பக்கமிருந்து வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்து விட்டதுகளாம். அதுகள் பெருகி மலையெல்லாம் நிற்கின்றன.

"எங்கட மரையளுக்கு விசாவும் இல்லை, இன்டர்வியூவும் இல்லை. எங்களைத்தான் நாலு வருஷம் இழுத்தடிச்சவங்கள்" என்று இவர் சொல்லிச் சிரிப்பார்.

மரைக்கு விசா இல்லாவிட்டாலும் அதைச் சுடப் போகிறவருக்கு எல்லாம் வேண்டியிருந்தது. நாங்கள் நியூ சவுத் வேல்ஸ்காரர். விக்டோரியாவில் சுடுவதற்கு அந்த மாநில லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும். அதுவும் ஏறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அது பெரிதில்லை. பெரிய செலவு அங்கே உள்ள காணிக்காரர் ஒருவருக்குக் கொடுப்பதுதான். அவருக்கு மலையடிவாரத்தில் பெரிய காணி இருந்தது. உள்ளூர் ஆட்கள் சும்மா போய் வருவார்கள். வெளி மாநிலத்து ஆள் என்றால் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார். முதல் வருடம் அது இரண்டு கிலோ ஆட்டிறைச்சி வாங்குகிற காசு. நாலாவது வருடம் ஆட்டையே வாங்கலாம்.

காசு ஏற ஏற மரை குறைந்தது. முதல் வருடம் ஐந்தாறைக் கண்டு ஒன்றைச் சுட்டார்கள். அடுத்த வருடம் சின்னது ஒன்று. மூன்றாம் வருடம் புழுக்கையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நாலாம் வருடம் அதுவும் இல்லை. தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் மற்றவர்கள், "என்ன, இந்த முறை மரைக்கறி இல்லை, மரக்கறிதானோ?" என்று காய்கறியைச் சொல்லிப் பகிடி பண்ணத் தொடங்கிவிட்டார்கள். இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை. மதுரைத் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஐந்தாவது வருடம் இவர் ஒரு நாள் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இதுதான் கடைசி. இந்த முறையும் ஒண்டும் கிடைக்காட்டி விட்டிடுவம் எண்டு மூண்டு பேரும் கதைச்சு முடிச்சிட்டம். நீரும் ஒருக்கா வந்து பாருமன். நாங்கள் நாலு வருஷமாப் பாணும் ரின்னில அடைச்ச மீனும்தான் சாப்பிட்டம்."

எனக்கு ஆட்களைக் கண்டால் வாய் கட்டிப்போகும். வெள்ளைக்காரர் யாராவது வீட்டுக்கு வந்தால் ஒரு "யெஸ்" சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும், கடைசி முறை என்று அவர் சொன்ன பிறகு மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. அரிசி, அரிசிமா, பருப்பு, கறித்தூள், ஒரு பொட்டலம் கருவாடு எல்லாம் கட்டிக்கொண்டு நானும் வெளிக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டு, ஆல்பரி தாண்டி, பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். முதலில் காணிக்காரர் வீட்டு விறாந்தையில் நின்று காசு கட்ட வேண்டும். அவருக்கு அறுபது வயது இருக்கும், சிவந்த முகம், எதற்கும் ஒரு சிரிப்பு. இந்த வருடம் பெரிய ஆண் மரை ஒன்று வந்திருக்கிறது, அப்படிக் கொம்பு தான் கண்டதே இல்லை, அதனால்தான் கட்டணத்தையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறாராம் என்று தம்பி எனக்குத் தமிழில் சொன்னார். பிறகு காணிக்காரர் என்னைப் பார்த்து, இவவுக்கும் பாதிக் காசு என்றார்.

மதுரைத் தம்பி தமிழில் முணுமுணுத்தார்: "பருப்பு வேக வைக்கிறதுக்குமா லைசென்சு?"

நான் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு பலகை தொங்கியது. பலகையில் ஒற்றைக் கொம்பு, பளபளவென்று. அதற்குச் சோடியாக மற்றப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆணித் துளையும், வெளிறிய வட்டமும் மட்டும் இருந்தன. சோடி உடைந்துபோயிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் தங்கிய தகரக் கொட்டில் முன்பு செம்மறி ஆட்டுக்கு மயிர் வெட்டிய இடமாம். அடுப்பு இருந்தது, கட்டில் இருந்தது, கூரை ஒழுகவில்லை. முன்னால் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் காணிக்காரருடையது, அந்தப் பக்கம் அரசாங்கக் காடு. அங்கே போய்ப் பிரயோசனமில்லை, செங்குத்து, கால்தான் முறியும், ஒரு மரையும் இல்லை என்று அவர் முதல் வருடமே சொல்லிவிட்டாராம். அதனால் இவர்கள் ஓடையைத் தாண்டியதே இல்லை.

சனிக்கிழமை விடிய மூன்று பேரும் காணிக்காரர் காட்டிய பாதையில் போனார்கள். இரண்டு மணித்தியாலத்தில் சத்தம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். நெட்டையர் கையில் ஒரு கொம்பு. பாதையோரப் பன்னச் செடிகளுக்குள் கிடந்ததாம், சேறும் இலையும் ஒட்டியிருந்தது.

"பாத்தீரோ! ஆள் இஞ்சதான் நிக்கிறார். கொம்பை விழுத்திப்போட்டுப் போயிருக்கிறார்" என்று இவர் குழந்தைப்பிள்ளை மாதிரிக் குதித்தார். இரண்டு வருடமாக வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு அதுதான் முதல் நல்ல அடையாளம். நெட்டையர் அதைத் துணியில் சுற்றிக் கட்டிலில் வைத்தார். நான் சந்தோசத்தில் மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மதுரைத் தம்பி மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பின்னேரம் மறுபடி போனார்கள். ஈரச் சரிவில் இவர் சறுக்கி விழுந்து, முழங்கால் வீங்கி, நெட்டையரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மரையின் மணம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துக் காணிக்காரர் தன் வண்டியில் வந்து இறங்கினார். கொட்டில் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். பிறகு சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார். நெட்டையர் தலையைக் குனிந்தார். இவர் முகம் கறுத்துப்போனது.

"என்னவாம்?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா… இந்த நாத்தத்துக்கு மரை எல்லாம் அடுத்த மாநிலத்துக்கு ஓடியிருக்கும்ங்கிறான். கொம்பு கெடக்குது, ஆனா மரை கிட்ட வரலைன்னா வேற என்ன காரணம்ங்கிறான்."

கருவாட்டு மணம் லேசான மணமில்லை என்று எனக்குத் தெரியாதா? கடைசி முறை என்று வந்த மனிதரின் வேட்டையை நானே கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். காணிக்காரர் போன பிறகு இவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம். பாணே போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சத்தம் போடாமல், ஆறுதலாகச் சொன்னார். அன்று இராச் சாப்பாடு கடை ரொட்டிதான், பாணும் ஜாமும். கருவாட்டுச் சட்டியை நான் ஓடையில் மூன்று தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

ஞாயிறு விடிய இவருக்கு முழங்கால் இன்னும் வீங்கியிருந்தது. காலை மடக்க முடியவில்லை. எனக்கு அப்போதுதான் கட்டிலில் இருந்த கொம்பு ஞாபகம் வந்தது. நான் வன்னிப் பக்கத்தில், காட்டுக் கரையில் பிறந்தவள். வீக்கம், நோவு என்றால் எங்கள் பக்கத்தில் மரைக் கொம்பைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்துப் பற்றுப் போடுவார்கள். உரைத்தால் சந்தனம் மாதிரி வெள்ளையாகப் பால் வரும். அடிப் பக்கத்தில் கொஞ்சம் உரைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கொம்பை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய், ஒரு தட்டைக் கல்லில் தண்ணீர் தெளித்து உரைத்தேன்.

பால் வரவில்லை. பழுப்பாய், பிசுபிசுவென்று ஏதோ சுருண்டு வந்தது. மணந்து பார்த்தேன். புதுக் கதவு மணம். அலுமாரி மணம்.

சேற்றைக் கழுவினேன். கொம்பு பளபளத்தது. அடியைத் திருப்பினேன். தானாக விழுந்த கொம்பின் அடி பொரிவிளாங்காய் உருண்டை மாதிரிக் கரடுமுரடாக, உருண்டு இருக்கும். இது மரம் அறுக்கிற வாளால் அறுத்தது மாதிரித் தட்டையாக இருந்தது. நடுவில் சேறு அடைத்த ஒரு புள்ளி. கொண்டை ஊசியைக் கழற்றி அதைக் குத்தினேன். சேறு உதிர்ந்தது. ஊசி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஆணித் துளை.

விறாந்தைச் சுவரில் தொங்கிய ஒற்றைக் கொம்பு கண்முன் வந்து நின்றது.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் விளங்கவில்லை. நெட்டையர் அந்தக் கொம்பைப் பிள்ளை மாதிரித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். இவரோ நேற்று அதைப் பார்த்துக் குதித்தவர். நான் வந்து, உது பொய்க் கொம்பு என்றால்? நேற்று கருவாட்டால் மரையைக் கலைத்தவள், இன்று கொம்பையும் குறை சொல்கிறாள் என்பார்கள். இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்வோம், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று முடிவு செய்தேன்.

நான் மேலே ஏறி வரும்போது காணிக்காரரின் வண்டி வாசலில் நின்றது. அவர் கையில் ரசீதுப் புத்தகம். அந்தக் கொம்புக்காரனை விட்டுவிடாதீர்கள், இந்த முறை இல்லாவிட்டால் அடுத்த வருடம் நிச்சயம் என்கிறார் என்று தம்பி எனக்குச் சொன்னார். வெளியாட்கள் நிறையப் பேர் கேட்கிறார்களாம், அடுத்த வருடக் கட்டணம் இன்னும் ஏறுமாம், இன்றே முற்பணம் கட்டினால் பழைய விலைக்கு விடுவாராம். இதுதான் கடைசி என்று வந்தவர்கள், ஒரு கொம்பைக் கண்டதும் மனம் மாறிவிட்டார்கள். நெட்டையர் காசுப் பையைத் திறந்துவிட்டார். இவரும் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, சேட்டுப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கொம்பையும் உரைத்த கல்லையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு இவருக்குப் பக்கத்தில் போனேன்.

"இஞ்சாருங்கோ."

"பொறும். இப்ப வேண்டாம்."

"ஒருக்காக் கேளுங்கோவன்."

"என்னப்பா? ஆக்கள் நிக்கினம் எல்லே?"

குனிந்து, அவர் காதுக்குள் மட்டும் கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னேன்: "கொம்பில வார்னிஷ்."

இவர் "ஆ?" என்றார். ஆனால் நெட்டையரின் கை காசுப் பைக்குள் அப்படியே நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"வார்னிஷ்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனிதருக்கு எப்போது தமிழ் விளங்கத் தொடங்கியது? பிறகு எத்தனையோ நாள் நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். ஊரில் கதிரைக்கும் கதவுக்கும் பூசுகிற சாமானுக்கு வார்னிஷ் என்பதைத் தவிர வேறு பெயரை நான் கேட்டதே இல்லை. அது எங்கள் சொல் என்றே நினைத்திருந்தேன். அது இங்கிலீசு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"அக்கா, என்ன சொன்னீங்க? வார்னிஷா? எதுல?" என்று தம்பியும் எழும்பிவிட்டார்.

இனி ஒளிக்க முடியாது. காணிக்காரரின் சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை விலக்கிக் கொம்பை மேசையில் வைத்தேன். பக்கத்தில் உரைத்த கல்லையும் வைத்தேன். கல்லில் பழுப்பு இன்னும் காயவில்லை. நெட்டையர் குனிந்து மணந்தார். கொம்பின் அடியைத் திருப்பி நான் கொண்டை ஊசியைத் துளைக்குள் விட்டுக் காட்டினேன். ஊசி முழுவதும் உள்ளே போனது.

நான் பேசினேன். இவருக்காகக் காத்திருக்கவில்லை. எங்கிருந்து வந்ததோ தெரியாது, காணிக்காரரைப் பார்த்து நேரே சொன்னேன்:

"யுவர் ஹவுஸ். வோல். வன் கொம்பு யெஸ்." ஒரு விரலைக் காட்டினேன். பிறகு மேசையில் கிடந்ததைக் காட்டினேன். "வன் கொம்பு, ஹியர்."

இரண்டாயிரம் பேர் இருந்த மண்டபம் கைதட்டியிருந்தால்கூட எனக்கு அதைச் சொல்லி முடித்தபோது வந்த சந்தோசம் கிடைத்திருக்காது.

முதலில் சிரித்தது நெட்டையர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். தம்பி, "அக்கா, போலீசுல சேந்திருக்கலாம்க்கா நீங்க!" என்று கத்தினார். காணிக்காரரின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. ஏதோ மறுத்துப் பார்த்தார். நெட்டையர் கொம்பைத் தூக்கிக்கொண்டு, வா, உன் விறாந்தைப் பலகையில் வைத்துப் பார்ப்போம் என்றார். அதோடு அந்த மனிதர் வாசல் படியில் குந்திவிட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

பிறகு அவர் சொன்னதைத் தம்பி எனக்குச் சொன்னார். இந்தக் காணியில் மரை இல்லாமல் போய் இரண்டு வருடமாம். ஆட்கள் நடமாட்டம் கூடக்கூட அதுகள் ஓடையைத் தாண்டிப் போய்விட்டனவாம். ஆட்டு மயிருக்கு விலையில்லை, வெளியாட்கள் கட்டுகிற காசில்தான் வீட்டுக் கரண்ட் பில்லே போகிறது, அதை விட மனம் வரவில்லை என்றாராம். நாங்கள் கட்டிய காசை எண்ணாமலே எடுத்து மேசையில் வைத்தார். கொட்டிலில் திங்கள் வரை சும்மா இருங்கள், ஓடைக்கு அந்தப் பக்கம் அரசாங்கக் காடு, உங்கள் லைசென்சே போதும், வெளியாள் உள்ளூராள் என்ற கதையே அங்கே இல்லை, மரை எல்லாம் அங்கேதான் நிற்கிறது என்று கையை நீட்டிக் காட்டினார். நாலு வருடமாக இருபது அடி அகல ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று காசு கட்டியிருக்கிறார்கள்!

அவர் போன பிறகு இவர் கொம்பை மேசையில் ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு மற்ற இரண்டு பேருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "நேற்று நான் உமக்குச் சொன்னது பிழை. அடுப்பை மூட்டும்."

முப்பத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் இவர் வாயால் 'பிழை' என்று நான் கேட்டது அன்றுதான். அதுவும் ஆட்களுக்கு முன்னால். மரை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் எனக்குப் பட்டது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி அவர் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். அன்றைக்கு மத்தியானம் புட்டும், கத்தரிக்காய்க் குழம்பும், முட்டைப் பொரியலும். கருவாட்டைத் திங்கட்கிழமைக்கு என்று வைத்தேன்.

திங்கள் விடிய நல்ல பனி. நெட்டையரும் தம்பியும் ஓடையைத் தாண்டி மேலே ஏறிப் போனார்கள். இவரால் ஏற முடியாது. தடியை ஊன்றிக் கல்லுக் கல்லாக ஓடையைக் கடந்து, கொஞ்சத் தூரத்தில் ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் போய் இருந்துகொண்டார். வேட்டைக்காரர் இருக்கிற இடமா அது? குசினிக்கு இவ்வளவு கிட்ட எந்த மரை வரும்? ஆனால் வேறு வழியில்லை.

நான் கொட்டில் வாசலில் அடுப்பைப் போட்டு, வெங்காயத்தை வதக்கிக் கருவாட்டைப் போட்டேன். சளாரென்று சத்தம். மணம் எழும்பி ஓடைப் பக்கம் போனது. நிமிர்ந்து பார்த்தேன்.

அந்தக் கரையில் மரை நின்றது.

தண்ணீரில் முன்கால் இரண்டும். கழுத்துச் சடை நனைந்து தொங்கியது. கொம்பு இரண்டும் மரக்கிளை மாதிரி. என்னைப் பார்த்தது. நான் அகப்பையோடு அதைப் பார்த்தேன். பயமும் இல்லை, கூச்சமும் இல்லை. பிறகு அது தலையைத் தூக்கி, பஸ் ஹோன் அடித்தது மாதிரி "பாங்" என்று ஒரு குரல் கொடுத்தது. மெதுவாகத் திரும்பி, விழுந்த மரம் கிடந்த பக்கமாக ஏறிப் போனது.

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று… பதினொன்றில் ஒரே ஒரு வெடி.

கருவாடு கருகினால் கருகட்டும் என்று ஓடினேன். செருப்பு ஓடையோடு போய்விட்டது. இவர் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "இஞ்சேரும்… விழுந்திட்டுது. ஒரே வெடி" என்றார். பிறகு திரும்பத் திரும்ப, "ஒரே வெடி, ஒரே வெடி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மேலே போன இரண்டு பேரும் வெறுங்கையோடு இறங்கி வந்தார்கள். நெட்டையர் மரையைப் பார்த்தார், கொட்டில் பக்கம் மணம் பிடித்தார், என்னைப் பார்த்தார். அடுத்த முறை கருவாட்டை இன்னும் கொஞ்சம் கூடப் போடுங்கள் என்றார். அது கருவாட்டுக்கு வந்ததா தண்ணீர் குடிக்க வந்ததா என்பதை அந்த மரையைத்தான் கேட்க வேண்டும்.

வெடிச் சத்தம் கேட்டுக் காணிக்காரர் வந்தார். உரிக்கவும் வெட்டவும் அவர்தான் முன்னால் நின்று உதவினார். கையில் பழக்கம் இருந்தது. மத்தியானம் மரை இறைச்சிக் கறி. எல்லோருக்கும் கோப்பை வைத்தபோது அவர் கொஞ்சம் தள்ளி நின்றார். ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு ஒரு கோப்பையில் புட்டும் கறியும் போட்டு, ஓரத்தில் கருவாட்டுக் குழம்பையும் விட்டு அவர் கையில் கொடுத்தேன். உறைப்பில் அவருக்கு மூக்கால் தண்ணீர், கண்ணால் தண்ணீர். கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி நீட்டினார்.

"நாத்தம்னானே, இப்ப என்னவாம்?" என்று தம்பி கேட்டார்.

"சும்மா இருங்கோ தம்பி. சாப்பிடேக்க ஆளைக் குத்தக் கூடாது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

நாங்கள் புறப்படும்போது அவர் வீட்டுக்குப் போய்ச் சாக்கில் சுற்றிய ஒரு கொம்பைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். நான் வாங்கி, முதலில் அடியைத் திருப்பிப் பார்த்தேன். பொரிவிளாங்காய் மாதிரிக் கரடுமுரடு. பிறகு மணந்தும் பார்த்தேன். அவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வருடம் மே மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இவர் வாசித்துச் சொன்னார். மற்ற வெளியாட்களுக்கு இனிக் கொட்டில் வாடகை மட்டும்தானாம். எங்களுக்கு அதுவும் இல்லையாம், ஒரு நிபந்தனை மட்டும்: சமைக்கிறவ கட்டாயம் வரவேண்டும். தொழிற்சாலையில் மரக்கறிப் பகிடி அந்த வருடத்தோடு நின்றுபோனது. பிறகும் ஆறு வருடம் நாங்கள் போனோம். சில வருடம் கிடைத்தது, சில வருடம் கிடைக்கவில்லை. இவர் கோப்பையில் விரலால் கீறிக் காட்டும்போது இப்போது நானும் விரலை வைத்து, இல்லை, காற்று இந்தப் பக்கம் என்பேன்.

அந்தக் கொம்பு என் குசினி அலுமாரியில், உரைகல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குளிர் வந்தால் இவர் முழங்காலுக்கு உரைக்கிறேன். வெள்ளையாகப் பால் வருகிறது. இன்றைக்கும் டொக்டரிடமோ கடையிலோ ஆள் முன்னால் நின்று வாய் கட்டிப்போகும்போது, எனக்குத் தெரிந்த ஒரு சொல் இருந்தால் போதும், அதைச் சொல்லிவிட்டால் மிச்சத்தைக் கேட்கிறவர் பிடித்துக்கொள்வார் என்று அந்த ஓடைக்கரைக் காலையை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்துவிடுகிறேன்.